அந்த வார்த்தை என்னுடையது

பதுளை
17.08.2025

அன்புள்ள மகள் நிலக்ஷனாவுக்கு அம்மா எழுதுவது.

ஆண்டவருடைய இரக்கத்தால் அப்பாவும் நானும் எழுந்து நடமாடிக்கொண்டு இருக்கிறோம், கடல் தாண்டிக் கம்போடியாவில் இருக்கிற நீயும் உன்னோடு பயிற்சியில் இருக்கிற பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் காலையில் எழுந்ததும் எங்கள் முதல் ஜெபம். அப்பாவுக்கு இழுப்பு இந்த மாதம் பரவாயில்லை, ஆஸ்பத்திரியில் கொடுத்த மருந்துப் பம்பை வாயில் ஒழுங்காக அடிக்கிறார், ஆனால் முப்பது வருடம் தேயிலை ஃபெக்டரித் தூசியைக் குடித்த நெஞ்சு, காற்று கொஞ்சம் மாறினாலும் காட்டிக் கொடுத்துவிடுகிறது. இங்கே மழை இல்லை, காய்ந்த காற்றுதான் அடிக்கிறது, பின்னால் போட்ட போஞ்சிக் கொடி எல்லாம் சுருண்டுவிட்டது. பக்கத்து வீட்டு ஸித்தி ஸுபைதாவின் மகளுக்கு ஆண் பிள்ளை பிறந்திருக்கிறது, வட்டிலப்பம் கொண்டுவந்து தந்துவிட்டு உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

போன மாதம் நீ போனில் பேசும்போது, பயிற்சி முடிந்து செப்டெம்பர் கடைசியில் உன்னை மலைக்கிராமம் ஒன்றுக்கு அனுப்புகிறார்கள், அங்கே உள்ள வாலிபப் பிள்ளைகளை ஊழியத்துக்குப் பழக்குகிற பொறுப்பையும் உன்னிடம் கொடுத்திருக்கிறார்கள் என்று சொன்னாய். அம்மாவின் வகுப்புக் கொப்பியைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து அனுப்பும்படியும் கேட்டாய். மூன்று கிழமையாகியும் நான் அனுப்பவில்லை. இரண்டு தரம் ஞாபகப்படுத்தினாய், இரண்டு தரமும் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். கொப்பி அலமாரியில்தான் இருக்கிறது மகள். அதை உன் கையில் கொடுப்பதற்கு முன்னால் இங்கே நடந்த ஒரு காரியத்தை நீ தெரிந்துகொள்ள வேண்டும். போனில் லைன் வெட்டி வெட்டி வரும், நீயும் சிரித்துச் சிரித்துப் பேசுவாய், அதற்கு நடுவில் இதைச் சொல்ல எனக்கு வாய் வராது. அதனால்தான் எழுதுகிறேன், பதிவுத் தபாலில் போடுகிறேன், ஆறுதலாக இருந்து வாசி.

இந்த வருடம் பெப்ரவரியில் நம்முடைய சபை மண்டபத்தில் ஊழியப் பயிற்சி தொடங்கினோம், பசறை, ஹாலி-எல, ஹல்துமுல்லை என்று தோட்டங்களில் இருந்து ஒன்பது பிள்ளைகள் வந்து தங்கிப் படித்தார்கள். கிழமை நாட்களில் போதகர் ஐயா வேதம் படிப்பிப்பார், சனிக்கிழமை என்னுடைய வகுப்பு, வீடுகளுக்குப் போய் மனிதர்களைச் சந்திப்பது எப்படி என்று. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் இரண்டிரண்டு பேராகத் தோட்டங்களுக்கு பஸ் ஏற்றிவிடுவோம். அந்த ஒன்பது பேரில் ஒருவன் ஜீவராஜ், ஹல்துமுல்லைப் பக்கத்துப் பிள்ளை, இருபத்திரண்டு வயது. கொழும்பில் ஒரு துணிக்கடையில் நல்லபடியாக வேலைக்கு நின்றவன், ஊழியத்துக்குப் போக வேண்டும் என்று அதை விட்டுவிட்டு வந்தான். அவனுடைய அம்மா இன்னும் தேயிலைக் கொழுந்து பறிக்கிறார். அவன் அதிகம் பேச மாட்டான், ஆனால் நான் சொல்வதை ஒரு சொல் விடாமல் எழுதுவான், எழுதி முடித்துத் தலையை நிமிர்த்திப் பார்ப்பான், அடுத்ததைச் சொல்லுங்க டீச்சர் என்கிற மாதிரி. எந்த ஆசிரியருக்குத்தான் அப்படி ஒரு பிள்ளையைப் பிடிக்காது.

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை, துன்பத்தில் இருக்கிறவர்களிடம் எப்படிப் பேசுவது என்கிற பாடம். செருப்பைக் கழற்றிவிட்டுப் போங்கள், கொடுக்கிற தேத்தண்ணியை மறுக்காதீர்கள், அவர்களுடைய சாமிப் படத்தை ஏளனமாகப் பார்க்காதீர்கள் என்று எல்லாம் ஒழுங்காகத்தான் சொன்னேன். கடைசியில் ஒன்று சொன்னேன். பிள்ளையை மெதுவாகக் கூப்பிட்டும் திரும்பிப் பார்க்காவிட்டால் தாய் சத்தம் போட்டுக் கூப்பிடுவாள், ஆண்டவரும் அப்படித்தான், சில நேரம் மலையையே அசைத்துக் கூப்பிடுகிறார் என்று சொன்னேன். ஒன்பது பேனாவும் ஒன்றாக எழுதின. சொல்ல வெட்கமாக இருக்கிறது மகள், அந்த வசனம் வாயில் இருந்து வந்தபோது எவ்வளவு அழகாக வந்துவிட்டது என்று எனக்குள்ளே ஒரு சந்தோசம், வீட்டுக்கு வந்து அப்பாவிடம்கூடச் சொன்னேன்.

மறுநாள் ஜீவராஜையும் சுபாஷினி என்கிற பிள்ளையையும் கொஸ்லந்தைப் பக்கம் அனுப்பினோம், பத்து வருடத்துக்கு முன்னால் மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை மண் சரிந்து லயங்களை மூடினபோது தப்பினவர்களுக்குக் கட்டிக் கொடுத்த வீடுகளுக்கு. அங்கே பாக்கியலெட்சுமி என்று ஒரு அம்மா இருக்கிறார், நாற்பது வயதுகூட இருக்காது. மண் வந்த அன்று காலையில் அவர் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போயிருந்தார், புருஷனும் நான்கு வயதுப் பெண் பிள்ளையும் லயத்து வீட்டில் இருந்தார்கள். புருஷனை மூன்றாம் நாள் எடுத்தார்களாம், பிள்ளையைக் கடைசிவரை எடுக்கவே இல்லை. இதை எல்லாம் அந்த அம்மா தானாகத்தான் அந்தப் பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறார், உட்கார வைத்துத் தேத்தண்ணியும் கொடுத்திருக்கிறார். கேட்டுக்கொண்டிருந்த ஜீவராஜுக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. தெரியாத நேரத்தில் மனுசன் படித்ததைத்தானே சொல்வான். நான் சொன்ன வசனத்தை ஒரு எழுத்து மாறாமல் அந்த அம்மாவிடம் சொல்லிவிட்டான். அவர், "யாரத் தம்பி கூப்பிட்டாரு, எம்புள்ளயவா?" என்று கேட்டிருக்கிறார். அந்த அம்மா எழும்பி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

திங்கட்கிழமை அவருடைய அண்ணன் முருகையா ஐந்து பேரோடு பஸ் பிடித்து இங்கே வந்துவிட்டார். சத்தம் போடவில்லை, சண்டை பிடிக்கவில்லை. உள்ளே வந்து உட்காரச் சொல்லியும் வராமல் சபைக் கேட்டுக்கு வெளியே நின்றபடியே போதகர் ஐயாவிடம், "இனிமே ஒங்க புள்ளைங்க எங்க பக்கம் வரவேணாங்க. வந்தா நாங்க ஒன்னுஞ் செய்ய மாட்டோம், ஆனா எங்க மொகத்துல முழிக்க வேணாம்" என்று சொல்லிவிட்டு, ஜீவராஜ் என்ன பேசினான் என்பதையும் சொல்லிவிட்டுப் போனார். அடித்திருந்தால்கூட எங்களுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

புதன்கிழமை சபைக் கமிட்டி கூடியது, நானும் இருந்தேன். ஜீவராஜை உள்ளே கூப்பிட்டு, இப்படிப் பேச உனக்கு யார் சொல்லித் தந்தது என்று செயலாளர் கேட்டார். அவன் என்னை ஒரு தரம் பார்த்தான் மகள். ஒரே ஒரு தரம். பிறகு கீழே பார்த்துக்கொண்டு, "நானாத்தான் சொன்னேங்க" என்றான். நான் வாயைத் திறக்கவில்லை. மேசையில் கிடந்த வருகைப் பதிவேட்டையே பார்த்துக்கொண்டு இருந்தேன். முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பொய் சொல்லக் கூடாது என்று படிப்பித்தவள், சும்மா இருந்தே ஒரு பொய்யைச் சொல்லி முடித்தேன். பயிற்சியின் பேர் கெட்டுவிடும், மற்ற மதத்தாரோடு பகை வந்துவிடும், அவனை வீட்டுக்கு அனுப்பிவிடுவதுதான் சரி என்று முடிவு எடுத்தார்கள். கடிதத்தில் வகுப்பு ஆசிரியையின் கையெழுத்தும் வேண்டும் என்றார்கள், போட்டேன். அவன் பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் என்னிடம் வந்து, "போயிட்டு வர்றேன் டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போனான். அந்தக் குரலில் என் மேல் ஒரு குறையும் இல்லை. இருந்திருந்தால் நான் தேறியிருப்பேன்.

சனிக்கிழமை ஒன்றும் நடக்காதது போல வகுப்புக்குப் போனேன். போன வகுப்பில் படித்ததை ஒருவர் வாசியுங்கள் என்றேன், அது வழக்கமாகக் கேட்பதுதான். யாரும் எழும்பவில்லை. பிறகு ஜீவராஜோடு போன அந்தச் சுபாஷினி எழும்பிக் கொப்பியைத் திறந்து, மெதுவாக, நிறுத்தி நிறுத்தி, செருப்பில் தொடங்கி மலை அசைகிறது வரைக்கும் முழுவதையும் வாசித்தாள். வாசித்துவிட்டு உட்காராமல் நின்றாள். எட்டுப் பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்கிறது. எட்டுப் பேரும் ஒரு கிழமையாக என் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். அந்த வார்த்தை என்னுடையது, அவனுடையது இல்லை என்று அவர்களிடம் சொன்னேன். மதியம் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அப்பா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு ஒன்றுதான் கேட்டார், "அப்ப நீ இங்க உக்காந்து என்ன செய்யிற?" என்று.

போதகர் ஐயாவிடம் போய்ச் சொன்னேன். அவர் நல்ல மனுசர், என் மேல் மரியாதை உள்ளவர், அதனால்தான் முடிந்துபோன விசயத்தைத் திரும்பக் கிளற வேண்டாம் டீச்சர், உங்கள் பேரும் கெட்டுப் போகும் என்றார். நான் வந்துவிட்டேன். ஞாயிறு ஆராதனைக்கு நான் போகவில்லை, எத்தனையோ வருடத்துக்குப் பிறகு முதல் தரம். காலையிலேயே பஸ் ஏறி பண்டாரவளை, அப்புத்தளை தாண்டி ஹல்துமுல்லைக்குப் போய்த் தோட்டத்துக்கு ஏறினேன். லயத்து முன்னால் ஜீவராஜ் விறகு கொத்திக்கொண்டு இருந்தான், என்னைக் கண்டதும் கோடரியைப் போட்டுவிட்டு எழும்பி நின்றான். அவனுடைய அம்மா ஓடி வந்து முந்தானையால் மரப் பங்கைத் துடைத்து என்னை உட்கார வைத்து, நான் வாய் திறக்க முதலே கையைக் கூப்பி, "எம்மவன் தப்பாப் பேசிப்புட்டான் டீச்சர், நீங்க மனசுல வச்சிக்கிறாதீங்க" என்று என்னிடம் மன்னிப்புக் கேட்டார். என்னிடம், நிலா. அந்த நிமிசத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். உங்கள் மகன் தப்புப் பேசவில்லை அம்மா, நான்தான் பேசினேன், அவனைக் காட்டிக் கொடுத்ததும் நான்தான் என்று அவர்கள் இரண்டு பேருக்கும் முன்னால் சொன்னேன். அவனுடைய அம்மா, "அன்னைலேந்து அவன் சரியாச் சாப்புடல டீச்சர்" என்று மட்டும் சொன்னார். கமிட்டியில் ஏனடா சொல்லவில்லை என்று ஜீவராஜிடம் கேட்டேன். "நீங்க வகுப்புலதான சொன்னீங்க டீச்சர், அத அந்த அக்காகிட்டக் கொண்டு போனது நான்தான" என்றான். அப்படி இல்லை மகனே என்றேன், அந்த அக்காவின் முகத்துக்கு முன்னால் சொல்ல முடியாததை நான் வகுப்பிலும் சொல்லியிருக்கக் கூடாது.

அன்றைக்கே இரண்டு பேருமாக பெரகல சந்திக்கு வந்து வேறு பஸ் பிடித்துக் கொஸ்லந்தைக்குப் போனோம். முருகையா எங்களைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார், வரவேணாம்னு சொன்னோமே என்றார். வீட்டுக்குள்ளே வரவில்லை அண்ணன், ரோட்டிலேயே நிற்கிறோம், உங்கள் தங்கச்சியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போய்விடுவோம் என்றேன். அரை மணித்தியாலம் வெயிலில் நின்றோம். பிறகு பாக்கியலெட்சுமி தானாக வெளியே வந்தார். மெலிந்த உடம்பு, நேராகப் பார்க்கிற கண். அந்தத் தம்பி சொன்னது என் வார்த்தை, நான்தான் படிப்பித்தேன், அது தப்பு, உங்களிடம் மன்னிப்புக் கேட்க வந்தேன் என்றேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நீ ஒரு சொல்லையும் தாண்டிப் போகாதே. "எனக்குக் கோவம் வரலங்க டீச்சர். பத்து வருசமா நானுந்தான் கேட்டுக்கிட்டு இருக்கேன், நான் என்ன பாவஞ் செஞ்சேன், ஏன் எம்புள்ளைய எடுத்தாருன்னு. இந்தத் தம்பி அப்புடிச் சொன்னதும், சரி, இவங்க சாமிக்கும் எம்மேலதான் கோவமாக்கும்னு நெனச்சிக்கிட்டேன்" என்றார்.

எதற்காக அந்தப் பிள்ளைகளை இத்தனை மாதம் பயிற்றுவித்தோமோ அதற்கு நேர் எதிரான ஒன்றை அந்தத் தாயின் மடியில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டோம். ஏன் நடந்தது என்று எனக்குத் தெரியாது அம்மா, எனக்குத் தெரியவே தெரியாது என்றேன். அப்போது அவர், "தெரியாதுன்னா பின்ன எதுக்கு இந்தப் புள்ளைங்கள அனுப்புறீங்க?" என்று கேட்டார். குத்திக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். பக்கத்தில் நின்ற ஜீவராஜ்தான், "பாப்பா பேரு என்னக்கா?" என்று கேட்டான். அன்றைக்கு வந்தபோது அவன் அதைக் கேட்கவில்லை. அவர், "நிவேதா" என்றார். பிறகு பேசத் தொடங்கினார். பிள்ளைக்குச் செருப்பு போடவே பிடிக்காது, மாசிக் கருவாடு போடாத சம்பல் சாப்பிட மாட்டாள், பெரட்டுக் கொம்பு ஊதினால் அம்மாவை முந்திக்கொண்டு வாசலில் போய் நிற்பாள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நின்றபடியே சொன்னார், நாங்கள் கேட்டுக்கொண்டு இருந்தோம். நாங்கள் ஜெபம் செய்யவில்லை, ஒரு வசனமும் சொல்லவில்லை. முருகையா கடைசிவரை எங்களிடம் பேசவில்லை, உள்ளே வரச் சொல்லவும் இல்லை, அது அவர்களுடைய நியாயம்.

நடந்ததை எல்லாம் கமிட்டிக்கு எழுத்தில் கொடுத்தேன். போதகர் ஐயா மனம் நொந்துபோனார், கமிட்டியிலேயே உங்களிடம் கேட்டிருக்க வேண்டியது நான்தான் டீச்சர் என்றார். ஜீவராஜைத் திரும்ப வரச் சொல்லிக் கடிதம் போனது, அவன் வரவில்லை. இப்போது பண்டாரவளையில் ஒரு கடையில் நிற்கிறான். போன் எடுத்துக் கெஞ்சிப் பார்த்தேன், "இப்ப வேணாம் டீச்சர், என்ன சொல்றதுன்னு தெரியாம இனி ஒரு வீட்டுக்கும் போக எனக்குப் பயமா இருக்கு" என்றான். ஒன்பது பேரில் ஊழியத்துக்கு மிகவும் தகுதியானவன் அவன்தான், அவனை நான் இழந்துவிட்டேன். மற்ற எட்டுப் பேரும் ஜூனில் முடித்து ஜெபத்தோடு போனார்கள். கடைசி வகுப்பில் சுபாஷினி கேட்டாள், அப்ப நாங்க என்னதான் சொல்றது டீச்சர் என்று. தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள், முதலில் பேர் கேளுங்கள், பிறகு நிறைய நேரம் கேட்டுக்கொண்டு இருங்கள் என்றேன். அது போதுமா என்று எனக்கே தெரியவில்லை. அடுத்த வருடம் வகுப்பு எடுக்க வேறு ஆள் பாருங்கள் என்று சொல்லியிருக்கிறேன், அவர்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.

மகள், மண் சரிந்த வருடம் உனக்குப் பதின்மூன்று வயது. அந்தக் கிழமை வீட்டு ஜெபத்தில், அத்தனை மழையிலும் ஆண்டவர் நம்மைத் தனியாகத் தெரிந்தெடுத்துக் காப்பாற்றினார் என்று நான் சொன்னேன், நீ ஆமென் என்றாய். அப்படியானால் நிவேதாவை அவர் தெரிந்தெடுக்கவில்லையா என்று நான் அன்றைக்கு யோசிக்கவில்லை. என் வாயில் இருந்து கேட்டு வளர்ந்தவள் நீ. அந்த மாதிரி ஒரு வார்த்தையை அங்கே நீ யாரிடமாவது சொல்லியிருந்தால், அந்த வீட்டைத் தேடித் திரும்பிப் போ. பாஷை வராவிட்டாலும் போ. கொப்பியில் அந்தப் பாடத்தை நான் கிழிக்கவில்லை, குறுக்கே கோடு போட்டு, ஏன் போட்டேன் என்று பக்கத்தில் எழுதியிருக்கிறேன், இந்தக் கடிதம் கிடைத்தது என்று நீ சொன்ன அன்றைக்கே எல்லாப் பக்கத்தையும் படம் பிடித்து அனுப்புகிறேன். நீ போவதை நான் தடுக்கவில்லை. முன்பு பெருமையோடு அனுப்பினேன், இப்போது பயத்தோடு அனுப்புகிறேன், அது உனக்கு நல்லது என்று நினைக்கிறேன். எதுக்கு அனுப்புறீங்க என்று அந்த அம்மா கேட்டதற்கு உனக்கு என்றைக்காவது ஒரு பதில் கிடைத்தால் எனக்கும் எழுது.

தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடி. காய்ச்சல் வந்தால் ஒரு நாளுக்கு மேல் பார்த்துக்கொண்டு இருக்காதே. முழுக்கைச் சட்டை போடு, முடியை ஈரத்தோடு கட்டாதே. அப்பா தன் முத்தத்தையும் எழுதச் சொன்னார், போனில் கேட்டால் அப்படிச் சொல்லவில்லை என்பார். ஒன்றை விட்டுவிட்டேன். நாங்கள் புறப்படும்போது பாக்கியலெட்சுமி, ஒங்களுக்குப் புள்ளைங்க இருக்கா டீச்சர் என்று கேட்டார். ஒரு மகள், வெளிநாட்டில் ஒரு மலைக்கிராமத்துக்குப் போகப் போகிறாள் என்றேன். அங்கே மழை பெய்யுமா, வீடு மேட்டிலா பள்ளத்திலா என்றெல்லாம் விசாரித்துவிட்டு உன்னிடம் சொல்லச் சொன்னார், ஞாபகமாக இரு மகள். "ஓடைத் தண்ணி திடீர்னு கலங்குனாலும், செவத்துல புதுசா வெடிப்பு கண்டாலும், ஒரு சாமானையும் எடுக்க நிக்க வேணாம், அப்புடியே ஓடிறச் சொல்லுங்க டீச்சர், பக்கத்து வீட்டுப் புள்ளைங்களையும் இழுத்துக்கிட்டு ஓடச் சொல்லுங்க."

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காக்கட்டும்.

என்றும் உன்னை நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா
நேசராணி